சூடு போதுங்களா

ஆடித் தள்ளுபடியில்
தொள்ளாயிரத்துப் பதினாறு புடவை விற்றதற்கு
முதலாளி தந்த உறை:
ஏற்காட்டில் ஓர் இரவு, இருவருக்கு.
மரவீடு. தனிக் குளம். இயற்கை வெந்நீர் ஊற்று.
காலை உணவு சேர்த்தி.

இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
குணசீலன் ஹாரன் அடித்தான்.
ஷேர் ஆட்டோ ஓட்டுகிற கை,
இரவல் பைக் என்றாலும் விடுமா.
மகளை அம்மாப்பேட்டை நாத்தனாரிடம் விட்டிருந்தோம்.
பையில் தட்டுவடை செட்டு,
காரச் சட்னி தனியாக முடிச்சிட்டு.

குளம் என்றால் குளமில்லை.
எங்கள் சமையலறை அளவு,
கருங்கல் பதித்து, ஆவி பறக்க.
"எனக்கு நீச்சல் தெரியாதே."
"இடுப்பளவுதான்யா, இறங்கு."
அவன் லுங்கியோடு, நான் நைட்டியோடு.
நைட்டி காற்றடைத்து உப்பி எழும்ப
ரொம்ப நேரம் சிரித்தோம்.

பிறகு கால்கள்.
பதினொரு வருஷம்
காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை
நின்ற கால்கள்.
இப்போது ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், சட்டமாம்.
அதில் பில் கட்டு வைத்திருக்கிறோம்.
கெண்டைக்காலில் பச்சை நரம்பு
நாங்கள் ஏறி வந்த பாதையைப் போலவே
சுற்றிச் சுற்றி மேலே போகும்.
வெந்நீர் அதை
ஒவ்வொரு வளைவாக அவிழ்த்தது.

சில்வர் ஓக் மரங்களிடையே பனி கொஞ்சம் விலகியது.
கீழே சேலம்,
யாரோ ஜரிகையை உதறிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.
எங்கள் கடை எந்தப் புள்ளி என்று
நான் தேடவில்லை.

"வேலையை விட்டுரலாம்னு இருக்கேன்."

சொன்ன பிறகுதான்
சொன்னது நான் என்று தெரிந்தது.
அவன் ஒன்றும் பேசவில்லை.
ஆட்டோ தவணை, ஸ்கூல் வேன், வாடகை:
என் முழங்காலில் இருந்த அவன் விரல்கள்
தண்ணீருக்குள் ஒவ்வொன்றாக மடங்கின.

அப்போது சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்,
"சூடு போதுங்களா?"

இரண்டு பேரும் கழுத்துவரை மூழ்கினோம்.
ஊற்றுக்கு வாய் உண்டு என்று
உறையில் போடவில்லையே.

துண்டைப் போர்த்திக்கொண்டு போய்ப் பார்த்தேன்.
இரும்பு பாய்லர். அடியில் தீ.
நெஞ்சளவுக்கு அடுக்கிய விறகு.
ஊத்தாம் ஊத்து.
குல்லா போட்டவர், பெயர் தீர்த்தனாம்.
"மூணு மணி வரைக்கும் எரியணுங்க,
ஓனர் சொல்லியிருக்காரு."
பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி.
அதன்மேல் கோடாலி.

"உக்கார மாட்டீங்களா?"

"உக்காந்தா தூங்கிருவேன்.
தூங்குனா உங்களுக்கு ஆறிரும்."

அந்த நிற்பு எனக்குத் தெரியும்.
உடம்பை இந்தக் காலிலிருந்து
அந்தக் காலுக்கு மாற்றி ஊற்றிக்கொண்டு,
யாரும் பார்க்காதபோது
ஒரு தோளை மட்டும் சுவரிடம் கொடுத்துவிட்டு.

எல்லாம் கேட்டிருப்பார்.
முகத்தில் எதுவும் இல்லை.
புடவை பிரித்துப் போடுகையில்
மாமியாரும் மருமகளும் கிசுகிசுப்பது
எனக்கும் இப்படித்தான்
ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டு செட்டு தட்டுவடை கொடுத்தேன்.
கோடாலியைத் தூக்கித் தரையில் வைத்தேன்.
அவர் உட்கார்ந்தாரா, தெரியாது.
குளத்துக்குள் இறங்கி
"போதுங்க!" என்று உரக்கச் சொன்னேன்.
விறகு விழும் சத்தம்
அதற்குப் பிறகும் கேட்டது.

காலையில் இட்லி. இறக்கம்.
பதினாலாவது வளைவில் காது அடைத்துக்கொண்டது.
குணசீலன் தலையைப் பாதி திருப்பி
என்னவோ நீளமாகச் சொன்னான்.
"தீபாவளி" மட்டும் விழுந்தது.
போகட்டும் என்றானா,
வரட்டும் என்றானா.
எச்சில் விழுங்கினால் காது திறந்துவிடும்.
விழுங்கவில்லை.

அடிவாரத்தில் தானாகத் திறந்தது.
பஸ், லாரி, டீக்கடைப் பாட்டு, அத்தனையும் ஒரே வீச்சில்.
"இன்னொரு தரம் சொல்லு" என்றேன்.
அவன் ஹாரன் அடித்தான்.